காம்பராச் சுவரில் ஒரு மகால்

ஈரச் சுண்ணாம்பின் காரமான வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எங்கள் பழைய சுவர்தான் எனக்குக் கண்முன் வரும். இலங்கையில் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பனி இறங்கினால் எதிர் லயம் தெரியாத ஒரு மேட்டில், தோட்டத்தில் கொடுக்கும் சுண்ணாம்பை வாளியில் கரைத்து அப்பா வருடத்துக்கு ஒருமுறை எங்கள் "காம்பரா"வுக்கு வெள்ளையடிப்பார். காம்பரா என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய ஒற்றை அறை அது. முன்னால் "இஸ்தோப்பு" என்று நாங்கள் சொல்லும் ஒடுக்கமான தாழ்வாரம், மேலே தகரம். அடுப்பும் உள்ளேயே எரிவதால் அடித்த வெள்ளை இரண்டு மாதத்தில் புகையேறிப் பழுப்பாகிவிடும். அந்தச் சுவரில் இரண்டு படங்கள் தொங்கின. ஒன்று முருகன், மற்றது மதுரை மகால்.

அப்பாவுக்கு இந்தியா என்றால் அந்த மகாலில் ஒரு தூண், அவ்வளவுதான். ஐந்து வயதில், கப்பலேறுவதற்காகக் குடும்பத்தோடு புறப்பட்டவர், மதுரையில் ரயிலுக்குக் காத்திருந்த பகலில் தன் தகப்பனார் தோளில் உட்கார்ந்து அதை அண்ணாந்து பார்த்தாராம். மற்றதெல்லாம் பிறர் சொல்லக் கேட்டது. ஆனாலும் படத்தின் முன் நின்று அவர் பேச ஆரம்பித்தால், கட்டியபோது கூடவே கல் சுமந்தவர் மாதிரி இருக்கும். மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள், அவற்றின் தலையில் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் வளைவுகள், நடுவே வெயில் விழும் பெரிய முற்றம், அதற்கு மேற்கே ராஜா கொலுவிருந்த "சொர்க்க விலாசம்". அந்த மண்டபத்தின் கூரை உத்தரம் இல்லாமல், வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும் வளைந்து வளைந்து ஏறியே நிற்கிறது என்பார். "முட்டை வெள்ளக்கருவப் போட்டு அரச்ச சுண்ணாம்பு புள்ள. தடவிப் பாத்தா கண்ணாடி. நம்ம லயத்த அப்பிடியே தூக்கி அந்த முத்தத்துல வச்சா ஒரு மூலைக்குக் காணாது" என்று சொல்லிக்கொண்டே, சொட்டு விழும் இடத்துக்குச் சட்டியை நகர்த்தி வைப்பார்.

கட்டிய ராஜாவின் பேரனே தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது மகாலில் பாதிக்குமேல் இடித்து, தூணும் மரமும் சிற்பமுமாகப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான் என்று சொல்லும்போது மட்டும் அவருக்குக் கோபம் வரும். "கொண்டுபோனானே, அங்கயாவது ஒழுங்காக் கட்டுனானா? இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல." அந்தப் பேரனைச் சொந்தச் சித்தப்பன் மகனைத் திட்டுவதுபோலத் திட்டுவார்.

எனக்குப் பத்து வயதானபோது, ஐம்பதுகளின் நடுவில், அப்பாவின் பிரஜாவுரிமை மனு விசாரணைக்கு வந்தது. நாடு சுதந்திரம் பெற்ற பிறகு வந்த சட்டப்படி, இத்தனை வருடம் இங்கேயே இருந்தோம் என்று காகிதத்தில் காட்டினால்தான் நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள். காட்டாவிட்டால் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை. அப்பாவிடம் இருந்தது ஒரே காகிதம்: சிறுபிள்ளையாக அவர் வந்திறங்கிய டயகமத் தோட்டத்தை விட்டுக் குடும்பம் இங்கே மாறியபோது, அந்தத் துரை பெயர்களையும் வருடத்தையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த "பத்துச்சீட்டு". எலிக்கும் ஒழுக்குக்கும் பயந்து, எங்கள் லயத்தில் யாரும் முக்கியமான காகிதத்தைப் பெட்டியில் வைப்பதில்லை. சாமிப் படத்தின் பின் அட்டைக்குள் செருகி ஆணியடித்துவிடுவார்கள். எங்கள் சீட்டும் முருகனுக்குப் பின்னால் இருந்தது. எனக்குத் தெரிந்தவரை அங்கேதான் இருந்தது.

விசாரணை நெருங்க நெருங்க லயத்தில் பேச்சுச் சூடேறியது. அடுத்த காம்பரா பாக்கியம் அத்தை, "இந்தியாவுக்குக் காயிதம் போட்டாலே மனுவத் தள்ளிருவாங்களாம்ங்க. காம்பராவுக்குள்ள வந்து பாப்பாங்களாம். அந்த ஊரு சாமான் ஒன்னு கண்ணுல பட்டாலும் போச்சு" என்றாள். அவளே தன் வீட்டுப் பித்தளைச் செம்பைச் சாக்கில் சுற்றி விறகுக்கடியில் வைத்திருந்தாள். அப்பா சிரித்தார். "செம்பப் பாத்தா நாடு கடத்துவாங்க? சும்மா இரு தங்கச்சி." அம்மா சிரிக்கவில்லை. மகால் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பார்வையை நான் கவனித்திருக்க வேண்டாம்.

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம், அம்மா கொழுந்து பறிக்கும் மலையிலும் அப்பா செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையிலும் இருக்க, பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் மட்டும் காம்பராவில் இருந்தேன். "ஜீப்பு வருது" என்று கீழ் லயத்துப் பிள்ளைகள் கத்தினார்கள். பாக்கியம் அத்தை சொன்ன ஆட்கள்தான் என்று நினைத்தேன். மகால் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது, அத்தனை தூண்களோடும். முக்காலியில் ஏறிக் கழற்றி, பாவாடையில் பொதிந்துகொண்டு, லயத்துக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடும் "காண்" என்ற தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடினேன். காய்ந்து கிடந்த அதில் படத்தைப் படுக்கவைத்து மானாப்புல்லால் மூடினேன்.

ஜீப்பில் வந்தவர் தேயிலை ஆலையில் யந்திரம் பழுது பார்க்க வந்த ஆள். அது தெரிவதற்குள் பட்டிப்பொலப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்த மழை தகரத்தில் இறங்கிவிட்டது. நான் வெளியே போகவில்லை. போக முடியாமலில்லை. ஜீப் இன்னும் நின்றது, எனக்குப் பயம். அந்த ஒரு மணி நேரத்தை எண்ணி எண்ணியே பாதி ஆயுளைக் கழித்திருக்கிறேன்.

வேலை விட்டு இருவரும் நனைந்தபடி ஒன்றாக வந்தார்கள். அப்பாவின் கண் நேரே சுவருக்குப் போனது. படம் இருந்த இடம் மட்டும் புகையேறாமல், அடித்த அன்றைய வெள்ளையோடு சதுரமாகப் பளிச்சென்று தெரிந்தது. மறைக்கப் போய் நான் ஊருக்கே காட்டிவைத்திருந்தேன்.

"படம் எங்க?" என்றார். குரல் மெல்லியதாக இருந்தது. "முருகன் படத்துல ஒழுக்குப் பட்டுச்சுன்னு போன வாரம்தான் சீட்ட எடுத்து மகாலுக்குப் பின்னால வச்சேன். படம் எங்க?"

நான் கதவைத் தாண்டி ஓடினேன். அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். காணில் தண்ணீர் முழங்கால் அளவு செம்மண் நிறத்தில் ஓட, படம் ஒரு தேயிலைத் தூரில் சிக்கிக் கிடந்தது. கண்ணாடி உடையவில்லை. அம்மா அங்கேயே பின் அட்டையைப் பிய்த்தாள். சீட்டு முழுதாகத்தான் இருந்தது, எழுத்துத்தான் இல்லை. நீல மை காகிதம் முழுக்க ஒரே சாயமாகப் பரவியிருந்தது. அம்மா என் மண் படிந்த பாவாடையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "வாயத் தொறக்காத" என்றாள்.

உள்ளே போய் அப்பாவிடம் அவள் சொன்னது இதுதான்: "நாந்தான் பயந்துபோயி காலையில ஒளிச்சு வச்சேன். புள்ளகிட்ட மட்டும் எடத்தச் சொன்னேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அடுப்புச் சூட்டில் காய்ந்து விறைத்த சீட்டோடு அப்பா டவுனுக்குப் போனார். விசாரித்த அதிகாரி நல்ல மனிதர் என்றுதான் திரும்பி வந்து சொன்னார். சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாராம். தோட்டத்து முத்திரை தெரிந்தது, பெயரும் வருடமும் தெரியவில்லை. "வேற மொக்குத் தியெனவாத?" என்பதுபோல் தமிழும் சிங்களமுமாகக் கலந்து, வேறு ஏதாவது இருக்கிறதா என்று மூன்று தரம் கேட்டாராம். வேறு எதுவும் இல்லை. சில மாதம் கழித்து மனு தள்ளுபடியான கடிதம் வந்தது.

அப்பா அம்மாவை அடிக்கவில்லை, ஏசவில்லை. பேசுவதை விட்டுவிட்டார். "ஒங்கம்மாகிட்ட தண்ணி கேளு" என்று, எட்டடி அறைக்குள் என் வழியாகச் சொல்லியனுப்புவார். இரண்டு வருடத்துக்குப் பிறகு தேவைக்கு ஒரு சொல் பேசினார். ஆனால் விடியுமுன் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அடுப்பருகே குந்தி, தேத்தண்ணி குடித்தபடி இருவரும் கதைத்துச் சிரித்த அந்தக் காலைகள் திரும்பவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிவிட நினைப்பேன். அம்மா கண்ணாலேயே அடக்குவாள். நான் சமைந்த வருடமே காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். தேயிலைக்குக் கீழே, ஆற்றோரத்தில் புதைத்தோம்.

அறுபதுகளின் நடுவில் இரண்டு நாடும் ஒப்பந்தம் எழுதி, பிரஜாவுரிமை கிடைக்காத எங்களை ஆளுக்கு இத்தனை பேர் என்று பங்கு போட்டுக்கொண்டன. பிறகு ஒருநாள், படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு நானும் அப்பாவும் கப்பலேறினோம், வந்த வழியே மதுரைக்கு.

இப்போதும் நான் மகாலுக்கு நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள், ராத்திரியில் ஒளியும் ஒலியும் காட்டுகிறார்கள். எஞ்சியிருப்பது பழைய அரண்மனையில் கால்வாசிதான் என்று அங்கே எழுதியும் வைத்திருக்கிறார்கள். எங்கள் மேட்டு லயத்தை இடித்தாயிற்று என்று கந்தப்பளையிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். வெள்ளைச் சதுரம் விழுந்த அந்தச் சுவரும் இனி இல்லை.

அப்பா மட்டும் மகாலுக்குள் போகவே இல்லை. நாங்கள் வந்தபோது அதற்குள் கோர்ட்டு நடந்துகொண்டிருந்தது. கறுப்புக் கோட்டுக்காரர்கள் தூண்களுக்கு நடுவே கட்டுக் காகிதத்தோடு நடந்தார்கள். வந்த முதல் வாரம் வாசல்வரை கூட்டிக்கொண்டு போனேன். நின்று அண்ணாந்து பார்த்தவர், "வேணாம் புள்ள, எனக்கு ஒரு விசாரணை போதும்" என்று திரும்பினார். இனியும் தாங்காது என்று அங்கேயே, தெருவில் வைத்தே சொல்லிவிட்டேன். படத்தை ஒளித்தது நான், அம்மா இல்லை என்று.

அவர் கை அந்த வெளிச்சுவரின் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒன்ன அடிச்சிருப்பேன்" என்றார். "அவகூடப் பேசியிருப்பேன்."