ஹேண்ட் பிறேக் வயரை எர்த்தில் பூட்டியவன்

1. ஜப்பான்காரியின் குரல்

கல்முனையில் ஒரு கடையில் இருபத்தாறு வருடம் வாகன வயரிங் வேலை செய்தேன். கண் மங்கியதால் இப்போது வீட்டில் இருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் எந்த வண்டிக்கு எந்தக் கப்ளர், எத்தனை அம்பியர் பியூஸ் என்று போனில் கேட்பார்கள். சொல்லிக் கொடுப்பேன். அவர்கள் யாரும் கேட்காத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

ஜப்பானில் ஓடிய வாகனங்கள் இங்கே வரும்போது டாஷ்போடில் நேவிகேஷன் செட்டும் சேர்ந்து வரும். சாவியைத் திருப்பினால் ஒரு ஜப்பான்காரி மரியாதையாக ஏதோ சொல்லுவாள். திரையில் ஒரு அம்பு மட்டும் நிற்கும், சுற்றிவர ஒரு தெருவும் இராது. அந்த மேப்பில் எங்கள் நாடே இல்லை. அதனால் பழையதைக் கழற்றிவிட்டு அண்ட்ரொய்ட் பிளேயர் பூட்டுவதுதான் எங்கள் கடையின் பெரிய வேலையாகிப் போனது. மேப், பாட்டு, படம், ரிவர்ஸ் கமரா எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும்.

என் வேலை சுத்தமாக இருக்கும். கம்பனி வயரை ஒருநாளும் வெட்டமாட்டேன். வயர்களை இணைக்கும் பொருத்தமான கப்ளர் கிடைக்கும் வரைக்கும் வண்டியை வைத்திருப்பேன். ஜிபிஎஸ் அன்டெனாவைத் தகரத்துக்கு அடியில் ஒளிக்கமாட்டேன். என் கையால் பூட்டிய செட் ஒன்றும் எரிந்ததில்லை. இதையெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் புதுச் செட்டோடு வரும் வயர்க்கட்டில் ஒரு வயர் ஹேண்ட் பிறேக்குக்கு உரியது. பிறேக்கை இழுத்து வண்டி நிற்கும்போதுதான் அதற்கு எர்த் கிடைக்கும். அப்போதுதான் படம் ஓடும். பிறேக்கை விட்டு வண்டியை எடுத்தால் படம் மறைந்துவிடும், பாட்டும் மேப்பும் மட்டும் இருக்கும். செய்தவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான். நாங்கள் அந்த வயரை நேரே வண்டியின் பொடியில், அதாவது இரும்பு உடம்பில், எர்த் பண்ணிவிடுவோம். வண்டி எப்போதும் நிற்கிறது என்று செட் நம்பிக்கொண்டிருக்கும்.

இந்த வழியைக் காட்டித் தந்தவர் கடை முதலாளி நிஸ்தார். "பிறேக் சுவிச்சுக்கு வயர் இழுக்கிறண்டா நடுவில இரிக்கிற பெட்டியெல்லாம் கழட்டணும் ஜமால். இது ரெண்டு நிமிச வேலை. வாற ஆக்களும் இதைத்தான் கேக்காங்க" என்றார். உண்மைதான். படம் நின்றுபோகும் செட்டை ஒருவரும் விரும்பவில்லை. எத்தனை வண்டிக்கு அப்படிப் பூட்டினேன் என்று எனக்கே தெரியாது.

2. அன்சாரின் வேன்

அன்சார் சாய்ந்தமருதுக்காரன். ஒலுவிலில் வேலை செய்பவர்களைக் காலையில் ஏற்றிப் போவான், பின்னேரம் திரும்பக் கொண்டுவருவான். நல்ல மனிதன். அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்று கூப்பிடுவான். நோன்பு காலத்தில் வழியில் நிற்பவர்களைச் சும்மா ஏற்றிக்கொண்டு வருவான். அவனுடைய வேனுக்குப் பெரிய திரை பூட்டிக் கொடுத்தேன்.

"காக்கா, ஓடக்குள்ள படம் நிக்காதுதானே?"

"நிக்காது. ஆனா ஓடக்குள்ள பாக்காதீங்க அன்சார்."

"எனக்கில்ல காக்கா. பின்னால இரிக்கிற ஆக்களுக்குத்தான்."

பின்சீட்டில் இருப்பவர்களுக்கு அந்தத் திரையில் பாதி தெரியாது. அது எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வேனோடு திரும்பி வந்த அன்சார், காரைதீவில் ஒரு சைக்கிளை அடித்துவிட்டான். நல்ல வெளிச்சமான காலை நேரம். சைக்கிளில் வந்தவர் பூபாலபிள்ளை, வயல் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே மௌத்தாகிவிட்டார்.

அவர் கை காட்டாமல் திடீரென்று குறுக்கே திரும்பினார் என்று அன்சார் பொலிசில் சொன்னான். கண்டவர்கள் யாரும் இல்லை. வாகனப் பரிசோதகர் வந்து பிறேக், டயர், ஸ்டியரிங் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. டாஷ்போடுக்குப் பின்னால் பார்ப்பது அவருடைய வேலை அல்ல.

3. ஓடிய படம்

வழக்குக்காகப் பிடித்து வைத்திருந்த வேனைக் கோட்டில் விடுவித்ததும் அன்சார் எங்கள் கடைக்குத்தான் கொண்டுவந்தான். முன்பக்க லைட் வயரிங் அறுந்து கிடந்தது. பெற்றரி இறங்கியிருந்தது. நான் வேறு பெற்றரியிலிருந்து கரண்ட் எடுத்துக் கொடுத்துச் சாவியைத் திருப்பினேன்.

திரை எரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பகிடிப் படம் நடுவிலிருந்து ஓடத் தொடங்கியது. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த வகைச் செட் எந்த இடத்தில் கரண்ட் நிற்கிறதோ அந்த இடத்திலிருந்துதான் மறுபடி தொடங்கும். அதைச் சொல்லித்தான் நாங்கள் விற்போம்.

என் தோளுக்கு மேலால் ஒரு கை வந்து, படம் இருந்த பென் டிரைவைச் செட்டிலிருந்து பிடுங்கியது. திரும்பிப் பார்த்தேன். அன்சார் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"காக்கா, எனக்குப் பிள்ளைகள் மூணு" என்றான்.

நான் லைட் வயரைப் பூட்டினேன். பிறகு டாஷ்போடைக் கழற்றி, நான் எர்த்தில் பூட்டியிருந்த அந்த வயரையும் அறுத்து, முறைப்படி பிறேக் சுவிச்சுக்கு இழுத்தேன். திருத்துகிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். என் கை செய்ததை நானே மறைத்தேன் என்பது வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தபோதுதான் விளங்கியது.

4. நிஸ்தார் முதலாளி சொன்னது

அடுத்த நாள் அன்சாரின் வேனில் படம் ஓடியதை முதலாளியிடம் சொன்னேன். "இனி நான் அந்த வயர எர்த்தில போடமாட்டன் முதலாளி."

அவர் கோபப்படவில்லை. அதுதான் கசந்தது. "நீ போடாட்டி அடுத்த கடையில போடுவாங்க. அவன் படம் பாத்ததுக்கு நீ என்ன செய்ற? கத்தி செஞ்சவனையா புடிக்காங்க?"

"இது கத்தி இல்ல முதலாளி. பூட்டி வந்த கதவ நாமதான் உடைச்ச."

"சரி, நீ மத்த வேலையப் பாரு. அத நான் போட்டுக்கிறன்."

அப்படியே நடந்தது. நான் கமராவும் கப்ளரும் பூட்டுவேன். கடைசியில் அவர் வந்து குனிந்து அந்த ஒரு வயரை எர்த் பண்ணிவிட்டுப் போவார். வழக்கு முடியும் வரைக்கும் நான் அங்கேதான் வேலை செய்தேன். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் செய்தேன். கோட்டுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. இரண்டு பக்கமும் பிழை என்று பேசி முடித்தார்கள். அன்சார் சின்னத் தண்டனையோடு வந்துவிட்டான். மூன்று மாதம் கழித்து அவனுடைய வேனில் மறுபடியும் படம் ஓடியது. யார் பூட்டிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

5. காரைதீவில் ஒரு வீடு

வேலையை விட்ட பிறகுதான் பூபாலபிள்ளையின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் மனைவி மகேஸ்வரி நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். யார் என்று தெரியாமலேயே கதிரை எடுத்துப் போட்டார். "இரிங்க காக்கா. நெல்லுப் பாக்க வந்த நீங்களா?"

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். வயரைச் சொன்னேன், திரையைச் சொன்னேன், சாவியைத் திருப்பியதும் படம் ஓடியதைச் சொன்னேன். விளங்காத இடத்தில் நிறுத்தி, "அப்ப வண்டி நிக்குது எண்டு அந்தச் சாமானை ஏமாத்தினீங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அழுவார் அல்லது ஏசுவார் என்று நினைத்திருந்தேன். அவர் நெல்லைக் கிண்டிய தடியைச் சுவரில் சாத்திவிட்டு நிலத்தில் உட்கார்ந்தார்.

"ஊர் முழுக்க அவர் கை காட்டாமத் திரும்பினவர் எண்டுதான் சொல்லுது. என்ட மகனும் அதைத்தான் சொல்றான். கண்ணும் தெரியாம, காதும் கேளாமச் சைக்கிள் ஓடிச் செத்த மனிசன் எண்டு ஏசிறான். திவசத்துக்கும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தவன்." பிறகு என்னை நேரே பார்த்தார். "அவர் கை காட்டித்தான் திரும்பியிருப்பார், என்ன காக்கா?"

"எனக்குத் தெரியாது தங்கச்சி. காட்டியிருந்தாலும் அன்சார் கண்டிருக்கமாட்டான்."

மகன் வரும் வரைக்கும் இருக்கச் சொன்னார். இருந்தேன். முப்பது வயதுப் பிள்ளை, சம்மாந்துறையில் ஒரு ரைஸ் மில்லில் வேலை. அவனிடமும் முதலிலிருந்து சொன்னேன். இப்போது கோட்டில் சொல்வதானாலும் வருகிறேன் என்றேன். அவர்களுடைய சட்டத்தரணிக்கு அவன் அங்கேயே போன் எடுத்தான். வழக்கு முடிந்துவிட்டது, ஒரு ஆள் வாயால் சொல்வதை வைத்து இனி ஒன்றும் செய்ய ஏலாது என்ற சட்டத்தரணி, அந்தச் செட் கையில் இருக்கிறதா என்று கேட்டார். செட் கையில் இல்லை. கிடைத்தாலும் அன்றைக்கு இருந்த வயர் அதில் இராது. வயரை மாற்றியவனே நான்தானே.

அவன் போனை வைத்தான். என் பக்கம் திரும்பினான்.

"மூண்டு வருசமா நான் செத்த மனிசனை ஏசிக்கொண்டிருக்கிறன். கல்முனையில இருந்து இஞ்ச வர உங்களுக்குப் பத்து நிமிசம் போகுமா?" என்று கேட்டான்.

அவ்வளவு நேரம்கூடப் போகாது.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். அந்த வயரை எங்கே பூட்ட வேண்டும் என்று செட்டோடு வரும் தாளிலேயே படம் போட்டிருக்கிறது. அதன்படி பூட்டுங்கள். கஸ்டமர் போனால் போகட்டும். அப்படிச் செய்யாமல் ஏதாவது நடந்துவிட்டால், அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். நான் போனபோது என் பேச்சைக் கேட்க அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். அதைக் கேட்டு அவர்களால் செய்யக்கூடிய காரியம் ஒன்றுகூட மிச்சமில்லை.