முடிந்துபோன பெக்கட்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீடுகளுக்குக் கீழே, சந்தியில் கடை வைத்திருந்த நானாவை நான் ஒருநாளும் நம்பியதில்லை. போகும்போதெல்லாம் டொபி மிட்டாய் தருவார். அதனாலேயே சந்தேகம் கூடியது.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த மாமா, அப்பாவுக்கு முழு சிகரெட் பெக்கட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை ஒவ்வொரு சிகரெட்டுக்கும் அப்பா சந்திவரை இறங்கி ஏற வேண்டும். மழையும் அட்டைக்கடியும் சேர்ந்தால் அந்த ஆசையே வராது. இப்போது ஆசை சட்டைப்பையிலேயே இருந்தது. வெளியே கொட்டுகிற மழை. அடுப்போரம் உட்கார்ந்து ஒன்று முடிய இன்னொன்றைப் பற்றவைத்தார். பெக்கட்டில் போட்டிருந்த அழுகிய நுரையீரல் படத்தை அவர் பார்த்த மாதிரித் தெரியவில்லை. வீடே ஒற்றைக் காம்பராதான், புகை எங்கே போகும்? விடிவதற்குள் தம்பிக்கு மூச்சிழுப்பு வந்து, த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழி முழுக்க அம்மா தம்பியின் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு அப்பா பெக்கட் கேட்டால், "முடிஞ்சிருச்சு, தனியாதான் இருக்கு" என்பார் நானா. எப்போது கேட்டாலும் இதே பதில். அவர் முதுகுக்குப் பின்னால் பெக்கட்டுகள் அடுக்கியிருப்பது எனக்குத் தெரியும். தனித்தனியாக விற்றால் லாபம் கூட, அதுதான் விஷயம் என்று நானே கண்டுபிடித்தேன்.

ஒருநாள் எங்கள் முன்னாலேயே ஒரு லொறி டிரைவருக்கு முழு பெக்கட்டை எடுத்து நீட்டினார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"அப்பா, நானா பொய் சொல்றாரு. பெக்கட் இருக்கு."

நானா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குடுக்கவா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நான் கேட்டாலும் குடுக்காதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன்ல நானா. முடிஞ்சிருச்சுன்னே சொல்லுங்க" என்றார்.

ஒன்றை மட்டும் வாங்கி, கடை வாசலிலேயே குடித்து முடித்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வெறுங்கையோடு என்னை மேலே கூட்டிப்போனார். எனக்கு அவமானமாக இருந்தது. தன்னிடமே பொய் சொல்லச் சொல்லி யாராவது கேட்பார்களா? நானாவைக் காப்பாற்ற அப்பா கதை விடுகிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

தம்பி அன்றைக்கும் மூச்சு முட்டாமல் தூங்கினான். அவன் பக்கத்தில் படுத்தபடி, இனி நானா, அப்பா இரண்டு பேரையும் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.