அட்டவணைக்காரரும் ஒன்பது மணி மாத்திரையும்

பல் தேய்த்துக்கொண்டே அவர் ரஸ்ட் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கு அரை மதிப்பெண் குறைத்தார். நுரை கீபோர்டில் சொட்டியது. துண்டால் துடைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, குறைத்த அரையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். கண்டிப்பான மொழிதான், ஆனால் நல்ல மொழி. கண்டிப்பானவர்களை அவருக்குப் பிடிக்கும். தான் கண்டிப்பாக இருப்பதுதான் வராது.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறார், வயது நாற்பத்தாறு. அலுவலகத்தில் ‘அட்டவணை சார்’ என்று கேட்டால்தான் ஆள் காட்டுவார்கள். புரோகிராமை ஒரே ஒரு தடவை எழுத வேண்டும், அது எல்லா ஃபோனிலும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும், அதற்கு எந்த மொழி நல்லது? இந்தக் கேள்விக்கு எட்டு மாதமாக அட்டவணை போடுகிறார். பதினோரு மொழிகள், மொழிக்கு இருபத்து மூன்று கட்டங்கள். சி பிளஸ் பிளஸ்ஸுக்கு வேகத்தில் பத்துக்குப் பத்து, ‘நிம்மதி’ என்ற கட்டத்தில் ஒன்று. டார்ட்டில் எழுதினால் இரண்டு வகை ஃபோனிலும் ஒரே முகத்தோடு வரும். ஆனால் அந்த மொழிக்கு ஆயுசு கெட்டியா என்று ஜாதகம் பார்க்காத குறை. கோட்லினில் பாதி எழுதி, அதற்குப் புதிய பதிப்பு வந்துவிட்டதென்று நிறுத்தினார். கடைசி வரிசையில் ஜாவாஸ்கிரிப்ட். “அதெல்லாம் ஒரு மொழியா? அவசரத்துல பொறந்த புள்ள” என்பார். நேர்த்திக்கு இரண்டு போட்டிருந்தார், அதுவும் இரக்கப்பட்டு.

யாராவது ஆலோசனை கேட்டு வந்தால் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, “ஆழம் தெரியாம கால விட்டுறாதீங்க” என்பார். அவர் காலையே விட்டதில்லை என்பது அவருக்கும் தெரியும். “கல்யாணத்துக்குச் சரின்னு சொல்ல எனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகல, இதுக்குப் போய் இப்படி முழிக்கிறேன் பாருங்க” என்று தானே முந்திக்கொண்டு சிரிப்பார். அவர் மனைவியிடம் அதற்குப் பதில் இருக்கிறது. “அன்னிக்கும் ஒரு அட்டவணை போட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.”

இத்தனைக்கும் எழுத வேண்டியது ஒரே ஒரு பொத்தான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருடைய அம்மாவுக்கு ஞாபகம் கொஞ்சம் நழுவுகிறது. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மதியம் இருக்காது. மாத்திரை கொடுப்பவர்கள் மூன்று பேர்: வீட்டில் இவர், அடுத்த தெருவிலிருந்து வந்து போகும் அக்கா, காலை இரண்டு மணி நேரம் மட்டும் வரும் நர்ஸ். இவர் ஃபோன் ஒரு வகை, அக்கா ஃபோன் வேறு வகை, நர்ஸிடம் இருப்பது அவர் கம்பெனி கொடுத்த பழைய லேப்டாப். மாத்திரையைக் கொடுத்தவர் ‘கொடுத்தாச்சு’ என்று அழுத்தினால் மற்ற இருவருக்கும் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

“குரூப்புல ஒரு மெசேஜ் போட்டா போதாதாடா?” என்று அக்கா அப்போதே கேட்டார். இவர் சிரித்தார். “மெசேஜ் பத்தோட பதினொண்ணாப் போயிரும்க்கா. பாக்காம விட்டா? நான் ஆப் எழுதறேன். அதுவரைக்கும் மெசேஜ் போட்டுக் குழப்பாதீங்க.” தம்பி படித்தவன், சொன்னால் சரியாக இருக்கும் என்று அக்காவும் விட்டுவிட்டார். பிறகு ஒருநாள், “அந்த அட்டவணைய எனக்கு அனுப்பு, நானே ஒண்ணு எடுத்துத் தரேன்” என்றார். அனுப்ப முடியவில்லை. எல்லாக் கருவியிலும் ஓடும் மொழி எது என்று கணக்குப் போட அவர் எழுதி வைத்திருந்த புரோகிராம், அவருடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா வந்து ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு அவசரமாக வேலைக்குப் போனார். கால் மணி கழித்து இவரும் ஒன்று கொடுத்தார். அம்மா வாங்கி விழுங்கினார். குளியலறைக்கு எழுந்தவர் தலைசுற்றிச் சுவரில் சரிந்தார். நெற்றியில் மூன்று தையல். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க ரத்த அழுத்தம் ஏறவே மாட்டேன் என்றது.

“ரெண்டாவது தடவ குடுக்கும்போது சொல்லக் கூடாதாம்மா?” என்று கேட்டார்.

“நீ குடுத்தா நான் வேணாம்பேனா?” என்றார் அம்மா.

அக்கா திட்டியிருந்தால் தேவலை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, “நீ வேணாம்னதாலதான்டா மெசேஜ் போடல” என்று மட்டும் சொன்னார். இவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, இன்னும் கொஞ்சம் வீரியமான மாத்திரையாக இருந்திருந்தால் என்று. பெஞ்சிலேயே தன் லேப்டாப்பைத் திறந்தார். விரல் பழக்கத்தில் அட்டவணைக்குத்தான் போனது. பட்டென்று மூடினார். மூன்று பேரிடமும் இருப்பது என்ன? பிரவுசர். பிரவுசருக்குள் ஓட என்ன வேண்டும்? அந்த அவசரத்தில் பிறந்த பிள்ளைதான்.

மூன்று மணி நேரத்தில் ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு பக்கம் எழுதி முடித்தார். எட்டு மாதத்தை மூன்று மணியால் வகுத்துப் பார்க்க மனம் வரவில்லை. பொத்தான் கோணலாக இருந்தது. ‘கொடுத்தாச்சு’ என்பதில் கடைசி எழுத்து அக்கா ஃபோனில் ஓரத்துக்கு வெளியே தொங்கியது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, “இதுக்கா எட்டு மாசம்?” என்றார். “இல்லக்கா, இதுக்கு ஒரு மத்தியானம். எட்டு மாசம் என் அழகுக்கு” என்றார். முதலில் அழுத்துவது, பிறகுதான் மாத்திரையைத் தொடுவது என்று மூவருக்கும் ஒரு விதி. விதியைப் போட்டவர் இவர்தான்.

அம்மா வீடு திரும்பிய மூன்றாம் நாள் காலை, ஒன்பது மணி. கட்டிலருகே ஒரு கையில் தண்ணீர் டம்ளரும், உள்ளங்கையில் வெள்ளை மாத்திரையுமாக இவர் நின்றார். மாத்திரையை எடுத்த பிறகுதான் விதி ஞாபகம் வந்தது. டம்ளரை வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார். அவர் விரல் தொடுமுன் பொத்தான் தானாகப் பச்சையானது. கீழே எழுத்து ஓடியது: ‘கொடுத்தாச்சு. நர்ஸ்.’

“அம்மாவுக்கு எட்டம்பதுக்கே குடுத்துட்டேன் சார், லேப்டாப்புக்கு இப்பதான் உயிர் வந்துச்சு” என்று முன்னறையிலிருந்து நர்ஸின் குரல் கேட்டது.

அம்மா அதற்குள் வாயைத் திறந்து காத்திருந்தார், பிள்ளை கொடுக்கப் போகிறான் என்று. இவர் மாத்திரையை டப்பாவில் அதன் குழியிலேயே போட்டு அழுத்தி மூடினார். பிறகு, திறந்திருந்த அந்த வாயில் டம்ளரைச் சாய்த்து, ஒரு மடக்குத் தண்ணீர் மட்டும் புகட்டினார்.