எனக்குக் கீழே இருபத்தைந்து பேர்

லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருந்த என் சின்னம்மாவுக்கு ஒரு பழக்கம். போனில் நாம் சொல்வதில் பாதியைத்தான் கேட்பார், மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்வார். இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் நான் அதே நகரின் மறுகோடியில், ரெய்னர்ஸ் லேனில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். பெற்றோல் செட்டில் ஷிப்ட் வேலை. மற்ற நேரமெல்லாம் கணினியில் பேஸ்போல் விளையாட்டு. மட்டையோடு ஒருவர் நிற்கும் அட்டையைப் பார்த்து, கிரிக்கெட் என்று நம்பி வாங்கிய சீடி அது. ஏமாந்த கோபத்தில்தான் போட்டுப் பார்த்தேன். பிறகு விட முடியவில்லை.

அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு முன் ஆடிய அணிகள் அத்தனையும் அதற்குள் இருந்தன. அந்த வீரர்களின் உண்மையான திறமையையும் பலவீனத்தையும் வைத்துக்கொண்டு, பழைய போட்டிப் பருவம் ஒன்றைக் கணினி முதலிலிருந்து திரும்ப நடத்தும். யாரை இறக்குவது, யாரை நிறுத்துவது என்பது மட்டும் நம் கையில். அதனால் நம் பதவி மனேஜர். அந்த வருடம் கடைசியாக வந்த அணியைத் தேடி எடுத்து, முதலிடத்துக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன் பார் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். யாருக்குக் காட்டப் போகிறேன் என்று யோசிக்கவில்லை.

ஒருநாள் சின்னம்மா போன் எடுத்து இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மனேஜராக இருக்கிறேன், இருபத்தைந்து பேரை மேய்ப்பது பெரும்பாடாக இருக்கிறது, எல்லாரும் அமெரிக்காக்காரர் என்றேன். அவர் அவ்வளவு சந்தோஷமாகப் போனை வைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் ஒரு பெண்ணையும் அவள் வீட்டாரையும் என் அறைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெண்ணை நான் முன்பே ஒரு பிறந்தநாள் விழாவில் கண்டிருந்தேன். எல்லாரும் கேக்கைச் சுற்றி நின்று பாடிக்கொண்டிருக்க, அவள் ஒருவரையும் சட்டை செய்யாமல் மூலையில் நின்று ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இந்தச் சம்பந்தம் தவறிவிடக் கூடாது என்று உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தேன்.

சின்னம்மா வடை பொரிக்கக் குசினிக்குள் போனார். பெண்ணின் அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார். எனக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டார். சின்னம்மா விளையாட்டைப் பற்றியும் சொல்லிவிட்டார் போலும் என்று மகிழ்ந்து, இருபத்தைந்து என்றேன். எப்படிப் போகிறது என்றார். கடைசி இடத்தில் நிற்கிறோம் என்றேன். அவர் முகம் இருண்டது.

"அவையள் எல்லாரும் இப்ப அமெரிக்காவிலயோ இருக்கினம், தம்பி?"

"இல்லை அங்கிள். எல்லாரும் செத்திட்டினம்."

அவர் கட்டில் விளிம்பிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவர் கேட்டது என் உத்தியோகத்தைப் பற்றி என்று அப்போதுதான் எனக்கு வெளித்தது. அவசரமாகக் கணினியைப் போட்டுக் காட்டி, பெற்றோல் செட்டையும் சொல்லி முடித்தேன். எல்லாம் கைநழுவிவிட்டது என்றே நினைத்தேன். பெண் எழுந்து வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றாள். திரையில் எங்கள் இடக்கைப் பந்துவீச்சாளர் வழக்கம்போல் அடிவாங்கிக்கொண்டிருந்தார்.

"இவரை ஏன் இன்னும் வச்சிருக்கிறியள்?"

பாவம், நல்ல மனிதராக இருந்திருப்பார் என்றேன். அவள் சிரிக்கவில்லை. எல்லாரும் வடையைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கிழமை ஏழு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு சின்னம்மாவின் போன் வந்தது.

"பெட்டை ஓம் எண்டிட்டாள். ஆனா அந்த இடக்கைக்காரனை நீ வேலையால நிப்பாட்டோணுமாம். அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கும், பாவம். எண்டாலும் உன்ர கலியாணமெல்லே முக்கியம்."

அன்றே நிறுத்தினேன். செத்து எத்தனையோ காலமான மனிதர்தான், இருந்தும் பொத்தானை அழுத்தக் கை கூசியது. அழுத்திய பிறகு அந்தச் சின்ன அறைக்குள் தனியாகத் துள்ளிக் குதித்தேன். கீழ் வீட்டுக்காரர் தன் உட்கூரையைத் தட்டினார்.

தாலி கட்டி முடிந்த கையோடு சின்னம்மா என் காதருகே குனிந்தார். அந்த ஆளுக்கு வேறெங்காவது வேலை கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன். அது பொய்யில்லை. அவரை எடுத்துக்கொண்ட அணி அடுத்த ஆட்டத்திலேயே எங்களைத் தோற்கடித்திருந்தது. பந்து வீசியது அவர்தான்.