வோட்டர்போர்ட் மியூசியங்களும் என் வயிற்றெரிச்சலும்

என் மகள் அயர்லாந்தில் மருத்துவம் படித்த காலத்தில் நான் ஒரேயொரு தடவைதான் அவளைப் பார்க்கப் போனேன். பத்து நாள் நின்றேன். அந்தப் பத்து நாளில் ஐந்து மியூசியம் பார்த்தேன். அதற்கு முன்பு, ரொறன்ரோவில் அத்தனை வருடம் குடியிருந்தும், ஒரு மியூசியத்துக்குள்ளும் நான் காலடி வைத்ததில்லை. ஐந்திலும் என்ன இருந்தது என்று கேட்டால் பாதிதான் ஞாபகம். யார்மீது எரிச்சலோடு நடந்தேன் என்பது மட்டும் அறை அறையாக ஞாபகம் இருக்கிறது.

ரொறன்ரோவில் மருத்துவத்துக்கு இடம் கிடைக்காத பிள்ளைகள் அயர்லாந்துக்குப் போவது எங்கள் சனத்துக்குள் புதிதல்ல. போய், படித்து, திரும்பி வந்துவிடுவார்கள். மகளை அனுப்பியபோது எனக்கும் அந்த நினைப்புத்தான். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் அப்பார்ட்மென்டில் அவளுடைய அறையை அவள் விட்டுப் போனபடியே வைத்திருந்தேன். பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கிற என் தங்கை வந்து நின்றால்கூட அவளுக்கு சோபாவில்தான் படுக்கை.

கடைசி வருடம் மகளுக்கு வோட்டர்போர்ட் என்கிற பழைய நகரத்து ஆஸ்பத்திரியில் பயிற்சி. கணவனை இழந்த ஒரு வயதான ஐரிஷ்காரியின் வீட்டு மேல்மாடியில் அறை எடுத்திருந்தாள். முதலில் அந்த மனுசி போனில் ‘லாண்ட்லேடி’யாகத்தான் வந்தாள். இரண்டாம் மாதம் ‘அன்ரி’ ஆனாள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கதை. அன்ரி சேர்ச்சுக்குப் பூசைக்குப் போய்விட்டு வந்தா, நாங்கள் மியூசியம் போனோம், அன்ரி தேத்தண்ணியோடு ஸ்கோன் வாங்கித் தந்தா. போன ஞாயிறு போன மியூசியத்துக்கே இந்த ஞாயிறும் போயிருப்பார்கள். பார்த்ததையே திரும்பப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"சும்மா நடந்து திரியிறதுதான் அம்மா. மழைக்கு நல்லம்" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது, டைனோசர் எலும்புக்கூடு இருக்கிற அந்தப் பெரிய மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஒரு கோடைகாலம் முழுக்கக் கேட்டாள். நூலகத்தில் குடும்பத்தோடு போக ஒரு பாஸ் கொடுப்பார்கள். தகப்பனோடு போய் வரிசையில் நின்று அதையும் எடுத்து வந்து, ஃபிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டி வைத்தாள். எனக்குப் பாண் சுடுகிற பேக்கரித் தொழிற்சாலையில் சனி ஞாயிறுதான் வேலை. நீங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்திட்டு வாங்கோ என்றேன். அம்மா வராமல் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று சொல்லிச் சொல்லியே பாஸ் காலாவதியாகிவிட்டது. அவள் அழவில்லை. பாஸைக் குப்பையில் போட்டுவிட்டு, காந்தத்தைத் திரும்ப அதே இடத்தில் ஒட்டினாள். என்னால் கொடுக்க முடியாமல் போன ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இப்போது முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கிடைத்திருந்தன.

மே மாதம் போய் இறங்கினேன். இவருக்கு லீவு கிடைக்கவில்லை, நான் தனியேதான் போனேன். அந்த அன்ரி வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்தாள். நல்ல மனுசி. அதுதான் பெரிய கரைச்சல். கூடாத மனுசியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் காலை அவள் கடைக்குப் புறப்பட்டாள். வாசலில் நின்று மாடியை அண்ணாந்து பார்த்து, "போட்டு வாறன்" என்றாள். தமிழில்.

மேலேயிருந்து என் மகள், "ஓம் அன்ரி, போட்டு வாங்கோ" என்றாள்.

வீட்டை விட்டு இறங்கும்போது ‘போகிறேன்’ என்று நாங்கள் சொல்வதில்லை. போய்விட்டு வருகிறேன் என்போம். எங்கள் பேச்சில் அது ‘போட்டு வாறன்’. மகள் பேசப் பழகிய நாளிலிருந்து பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் எனக்குச் சொன்ன சொல். அயர்லாந்துக்கு விமானம் ஏறியபோதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதைத்தான் சொன்னாள். இன்னொருத்தி வாயில் அதைக் கேட்டபோது, அலுமாரியில் இருந்த என் கூறைச் சேலையை யாரோ உடுத்திக்கொண்டு கடைக்குப் போனதுபோல இருந்தது. குசினியில் தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றேன்.

அன்று தொடங்கி மியூசியம் மியூசியமாகக் கூட்டிப் போனார்கள். அந்த ஊரில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில், நடந்து போகிற தூரம். ஒன்றில் வைக்கிங்குகளின் வாள். இன்னொன்றில் எப்போதோ தரைக்கடியில் ஒளித்து வைத்து, பல தலைமுறை கழித்துக் கண்டெடுத்த பாதிரிமாரின் பொன்னிழைப் பூசை உடுப்புகள். ஒரு சின்ன மியூசியம் முழுக்க வெள்ளிச் சாமான்கள். ஒரு பழைய தேவாலயத்துக்குள் மணிக்கூடுகள் மட்டும். நான் பொருட்களைப் பார்க்கவில்லை, அவர்கள் இரண்டு பேரையும்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். எங்கே படி வருகிறது என்று பாராமலே தெரிந்து, என் மகள் அந்த மனுசியின் முழங்கையைப் பிடிப்பாள். எந்த வாங்கில் குந்துவது என்று பேசாமலே இருவரும் ஒரே பக்கம் திரும்புவார்கள். மணிக்கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கத் தொடங்கியபோது, இருவரும் மூலையில் நின்ற ஒன்றைப் பார்த்துக் காத்திருந்து, அது கடைசியாக அடித்ததும் சிரித்தார்கள். அது எப்போதும் கடைசியாகத்தான் அடிக்குமாம். எனக்கும் விளக்கிச் சொன்னார்கள். விளக்கிச் சொன்ன பிறகு அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

போதாக்குறைக்கு, நான் ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் என்கிற இடத்தில் இருப்பதாகச் சொன்னதும், தான் பிறந்ததே பக்கத்தில் இருக்கிற அசல் வெக்ஸ்போர்ட்டில்தான் என்றாள். அதிலும் அவள்தான் முந்தி.

ஒன்பதாம் நாள் போனது ஒரு செத்தவீட்டு மியூசியம். பழைய கல் வீடு ஒன்றுக்குள், முந்தின காலத்தில் ஐரிஷ்காரர் செத்தவீட்டை எப்படி நடத்தினார்கள் என்று காட்டுகிறார்கள். முகம் பார்க்கிற கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். மணிக்கூட்டை நிறுத்தியிருந்தார்கள். ஒப்பாரி சொல்லி அழவென்றே பெண்களைக் கூப்பிடுவார்களாம். எங்கள் செத்தவீடு ஒன்றுக்கு வந்த மாதிரி எனக்கு எல்லாம் உடனே விளங்கியது. அந்தப் பத்து நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன். பிறகு வழிகாட்டிப் பெண் இன்னொன்று சொன்னாள். உயிரோடு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போகிற பிள்ளைக்கும் வீட்டுக்காரர் இதேபோலச் சனத்தைக் கூட்டி வைத்திருப்பார்களாம். அந்தப் பிள்ளை இனித் திரும்பி வராது என்று அவர்களுக்குத் தெரியுமாம். அன்ரி தன் கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள். அவளுடைய ஒரே மகன் அவுஸ்திரேலியாவில்.

வெளியே வரும்போது அவள் வாசலில் திரும்பி, வழிகாட்டிப் பெண்ணுக்குக் கை காட்டி, என்னைச் சந்தோசப்படுத்த நினைத்தோ என்னவோ, "போட்டு வாறன்" என்றாள்.

"அப்பிடிச் சொல்லக் கூடாது" என்றேன். குரல் தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டிருக்கும். மகளிடம் திரும்பினேன். "செத்தவீட்டில ஆரும் போட்டு வாறன் எண்டு சொல்லுறேல்லை. ஒண்டும் பறையாமல் எழும்பி வரவேணும். இதை அவவுக்குச் சொல்லிக் குடுக்கேல்லையே நீ?"

"அம்மா, ப்ளீஸ். இது மியூசியம்."

மகள் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். அன்ரி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான், ஏன் ஒளிக்க வேணும். அந்தச் சொல்லை எங்கே சொல்லக் கூடாது என்பது எனக்குத்தான் தெரிந்திருந்தது.

சந்தோசம் தேத்தண்ணிக் கடை வரைக்கும்தான் நின்றது. மகள் வரிசையில் நின்றபோது, அன்ரி சமாதானம் செய்கிறவள்போல என் கையைத் தட்டினாள். ஜூலையிலிருந்து உங்கள் மகளுக்கு முன்பக்கத்துப் பெரிய அறையைக் கொடுக்கப் போகிறேன், பெயின்ட் நிறம்கூட அவளே தெரிவு செய்துவிட்டாள் என்றாள். ஜூலையில் என் மகள் ரொறன்ரோவில் இருக்க வேண்டியவள். என் முகத்தைக் கண்டதும் அவளுடைய கை என் கையிலிருந்து எழும்பியது.

மகள் தட்டோடு வந்தாள். "எப்ப எனக்குச் சொல்லுறதா இருந்தனி?" என்றேன்.

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்கள் வெளிக்கிட முதல் சொல்லுவம் எண்டுதான் இருந்தன். அங்க வந்தால் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு ரெசிடென்சி கிடைக்குமோ எண்டே தெரியாது அம்மா. இங்க ஆஸ்பத்திரியில வேலை தந்திட்டினம். அண்ட் ஐ லைக் இட் ஹியர்."

"உவவுக்கு எப்ப தொட்டுத் தெரியும்?" என்று அன்ரியைக் காட்டிக் கேட்டேன்.

"ஒரு மாசம்."

அவள் வராமல் விட்டதைக்கூட நான் பொறுத்திருப்பேன். அந்த ஒரு மாதத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் என்னோடு போனில் கதைத்தவள்.

அடுத்த நாள் காலை டப்ளின் விமான நிலையத்துக்குப் பஸ். இரண்டு பேரும் வந்தார்கள். மகள் பெட்டியை ஏற்றிவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் ஏறி யன்னலோரம் குந்தினேன். சொல்லாமல் போவதென்றால் என்னவென்று முந்தின நாள்தான் சத்தம் போட்டுப் படிப்பித்திருந்தேன். அவளுக்கு விளங்கியது. விளங்க வேண்டும் என்றுதான் செய்தேன். அவள் முகம் சுருங்கியதைக் கண்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் நகர்ந்தபோது அன்ரி மட்டும் நாலடி கூடவே நடந்து வந்து கண்ணாடியில் தட்டினாள். அவளுடைய வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்காமலே எனக்குத் தெரியும்.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் கிழமைக்கு ஒரு தடவை போன் வந்தது. சாப்பிட்டியளோ, அப்பா எப்பிடி, அங்க வெயிலோ. ஞாயிறுகளில் எங்கே போகிறாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முடிவில் "சரி, வைக்கிறன்" என்பாள். ஆனால் ஒவ்வொரு காலையும் இவர் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று "போட்டு வாறன்" என்று சொல்ல, எனக்குத் திக்கென்றிருக்கும். சொந்தப் பிள்ளையைச் செத்தவீடு மாதிரி விட்டு வந்தவள் நான். அதை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு. இப்போது எனக்கு ஞாயிறு வேலை இல்லை. அப்படி என்னதான் அங்கே இருக்கிறது என்று ஒரு வீம்பு வந்தது. பஸ் எடுத்து, சப்வே மாறி, அந்தப் பெரிய மியூசியத்துக்குப் போனேன். இறங்குகிற சப்வே நிலையத்திலேயே தூண்கள் எல்லாம் சிலைகளாக நிற்கின்றன. உள்ளே டைனோசருக்கு முன்னால் சின்னப் பிள்ளைகள் தாய்மாரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்கள். டைனோசரின் கழுத்து மட்டும் எங்கள் வீட்டு ஹோல் நீளம் இருக்கும். ஒரு செல்ஃபி எடுத்தேன். என் பாதித் தலையும் அதன் பாதித் தலையும்தான் விழுந்தது. ஒரு வரியும் எழுதாமல் மகளுக்கு அனுப்பினேன்.

உடனேயே போன் அடித்தது.

"அம்மா, எங்க நிக்கிறியள்?"

"மியூசியத்தில."

"அந்த டைனோசர் மியூசியமோ? ஆரோட?"

"தனியத்தான்."

 பின்னால் ரீவிச் சத்தமும் அன்ரியின் இருமலும் கேட்டன.

"என்னை விட்டிட்டு எப்பிடிப் போவியள்?" என்றாள். "நான் எத்தினை தரம் கேட்டனான். அது நானும் நீங்களும் போக இருந்த இடம். ஹவ் குட் யூ?"

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். பத்து நாள் வோட்டர்போர்ட்டில் எனக்குள்ளே ஓடிக்கொண்டிருந்த அதே குரல். என் பிள்ளைக்கு வயிறு எரிகிறது, ஒரு எலும்புக்கூட்டுக்காக, எனக்காக. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பக்கத்து வாங்கில் குந்தினேன்.

"இந்த ஒண்டைத்தான் பார்த்தனான்" என்றேன். "மிச்சம் எல்லாம் அப்பிடியே கிடக்கு."

"பார்க்காதேங்கோ. நத்தாருக்கு, டிசம்பர் லீவில வாறன். அதுவரைக்கும் ஒண்டும் பார்க்கக் கூடாது."

"சரி. அன்ரியையும் கூட்டிக்கொண்டு வாவன்" என்றேன். சொல்லி முடிக்க முதலே ஏன் சொன்னேன் என்று இருந்தது.

"இல்லை. நானும் நீங்களும்தான்."

"என்ன? கேக்கேல்லை" என்றேன். நன்றாகக் கேட்டது.

"நானும் நீங்களும் மட்டும்" என்றாள் இன்னொரு தரம். பிறகு, "அண்டைக்கு நீங்கள் சொல்லாமல் போட்டியள் அம்மா."

"ஓம். பிழைதான்."

"இப்ப சொல்லுங்கோ."

பக்கத்தில் ஒரு சீனத்துத் தாய் பிள்ளைக்கு ஜக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "போட்டு வாறன் பிள்ளை" என்றேன்.

"ஓம் அம்மா, போட்டு வாங்கோ."

எழும்பினேன். இரண்டு பக்கமும் அறைகள் திறந்து கிடந்தன. எதையும் பார்த்துவிடாமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டு, வந்த வழியாலேயே வெளியே நடந்தேன்.