இரண்டாவது வேட்டி

வருகிற கிழமை நெளுக்குளத்தில் எங்கள் புது வீட்டுக்கு நிலை வைக்கிறோம். வாசல் நிலையை நிறுத்தி, மாவிலை கட்டி, மேசனுக்கு வேட்டி சால்வை கொடுப்பது ஒரு மணித்தியால வேலைகூட இல்லை. ஆனால் அந்த வேட்டி வைத்த தட்டத்தை யார் எடுப்பது, யாரிடம் கொடுப்பது என்று நான் கேட்டுக் கேட்டு என் கணவருக்கு அலுத்துவிட்டது. "தட்டம்தானே, ஆர் குடுத்தால் என்ன?" என்கிறார். நெடுங்கேணியில் எங்கள் வீட்டுக்கு நிலை வைத்த அன்று அவர் அங்கே இருக்கவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். இடம்பெயர்ந்து திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் இருந்தபடி வீட்டுத்திட்ட வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தோம். கட்டியவரை ஊரில் எல்லோரும் பெரிய மேசன் என்பார்கள். அவரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. பழகுகிறவருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. மத்தியானச் சோறு, தேநீர், சனிக்கிழமையில் கைச்செலவுக்கு மேசன் மனம்போல் கொடுப்பது, அவ்வளவுதான். மாமா அதைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது தன்னையும் 'மேசன்' என்று கூப்பிட வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

பின்னேரம் வேலை முடிந்ததும், பின்வளவில் மேசன் அவருக்குச் சுவர் கட்டப் பழக்குவார். சீமெந்து வீணாகக்கூடாது என்பதால் உடைந்த செங்கல்லும் களிமண்ணும்தான். என் இடுப்பளவு உயரத்துக்கு மாமா கட்டி முடித்ததும், மேசன் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நூலுக்குச் சுவர் கொஞ்சம் விலகியிருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்.

"பிள்ளை, ஓடி வா. உன்ர மாமான்ர கோட்டையை இடிச்சு விடு."

நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் தள்ளுவேன். ஈரச்சுவர் பொத்தென்று விழும். மாமா தலையில் கைவைத்துக்கொண்டு, "அடியே, நீ என்ர ஆளோ மேசன்ர ஆளோ?" என்று கேட்பார். அதைவிடப் பெரிய விளையாட்டு எனக்கு அந்த வயதில் இருக்கவில்லை.

நிலை வைக்க நாள் பார்த்திருந்த நேரத்தில்தான் சுவிஸிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் தமையன். நாங்கள் முகாமில் இருந்த காலத்தில் எங்களைத் தாங்கியவர். அவருடைய மகன் அங்கே மேசன் வேலைதான் பழகிக்கொண்டிருந்தான். வந்த அன்றே பெரியப்பா கற்குவியலில் இருந்துகொண்டு அந்தக் கதையைத் தொடங்கிவிட்டார்.

"அங்க பழகிற பெடியனுக்கும் மாசாமாசம் சம்பளம். வருசத்துக்கு வருசம் கூடும். கிழமையில ஒரு நாள் பள்ளிக்கூடமும் இருக்கு."

"சாந்து குழைக்கவும் பள்ளிக்கூடமோ, அண்ணை?" என்று மேசன் கேட்டார்.

"ஓம். கடைசியில சோதினை. பாஸ் பண்ணினால் சேர்ட்டிபிக்கட். பிறகு எந்தக் கொம்பனிக்கும் போகலாம்."

"இஞ்சயும் பள்ளிக்கூடம்தான். நான் வாத்தி. இந்தப் பிள்ளைதான் பெயில் விடுறவா."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை.

"பகிடி இல்லை, மேசன். விடிய வந்து கல்லுச் சுமக்கிறவனுக்குச் சோறு மட்டும் குடுக்கிறது ஞாயமோ?"

"என்னையும் அப்பிடித்தான் பழக்கினவை," என்று சொல்லிவிட்டு மேசன் சாந்தகப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

பெரியப்பா சொன்னது பிழை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. என் மகன் வளர்ந்து, சோற்றுக்கு மட்டும் யாரிடமாவது கல்லுச் சுமந்தால் நான் பொறுத்துக்கொள்வேனா? மாட்டேன். ஆனால் சரியான கதையைச் சரியான இடத்தில் சொல்வது வேறு விஷயம் போலிருக்கிறது.

நிலை வைத்த அன்று தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு இரண்டு வேட்டி இருந்தன. வீட்டுக்காரராக அப்பாதான் அதை மேசனிடம் கொடுத்திருக்க வேண்டும். அண்ணன் நிற்கும்போது தான் கொடுப்பது மரியாதையில்லை என்று அப்பா தட்டத்தைப் பெரியப்பாவிடம் நீட்டினார். பெரியப்பா அதை வாங்கிக்கொண்டு மேசனைத் தாண்டிப் போனார். நிலை சரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற மாமாவின் தோளில் ஒரு வேட்டியைப் போட்டு, சட்டைப்பைக்குள் ஒரு கடித உறையையும் வைத்தார்.

"முதல்ல இவனுக்கு. எங்கட சுவிஸில பழகிறவனும் தொழிலாளிதான்," என்றார். அதன் பிறகுதான் மற்ற வேட்டியை மேசனிடம் கொடுத்தார்.

நான் கைதட்டினேன். மாமாவால் நிலையை விடவும் முடியவில்லை, தோளில் கிடந்ததைத் தொடவும் முடியவில்லை. மேசன் வேட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிலையை ஒரு குறையுமில்லாமல் நிறுத்தி முடித்தார். போகும்போது அம்மாவிடம் மட்டும், "இனி இவருக்கு நான் தேவையில்லை, தங்கச்சி," என்றார். அதுவரை மாமாவை 'அவன்' என்றே சொல்லிவந்தவர் அன்றைக்கு 'இவர்' என்றதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன்.

அன்று இரண்டு வேட்டி ஏன் இருந்தன என்று எனக்கு இந்த மாதம்தான் தெரியும். எங்கள் நிலைக்கு எத்தனை வேட்டி வாங்குவது என்று அம்மாவிடம் கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

"ரெண்டு வாங்கச் சொல்லி மேசன்தான் என்னட்டைச் சொன்னவர். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டவர்."

மேசனிடம் சான்றிதழ் இல்லை. தொழில் பழகி முடிந்தவனுக்கு ஏதாவது ஒரு வீட்டு நிலையில், நாலுபேர் பார்க்க, தன் கையால் வேட்டி கொடுப்பார். அன்றிலிருந்து அவனும் மேசன். அன்றைக்கு அதை மாமாவுக்குக் கொடுக்கத்தான் நினைத்திருந்தார். அதே வேட்டியை வேறொருவர் கொடுத்துவிட்டார்.

"நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அம்மா?"

"பெரியப்பாவை மறிச்சு நான் என்னெண்டு கதைக்கிறது?"

மேசன் வீட்டுக்குப் போய்க் கதைத்துப் பார்ப்போமா என்று அம்மா பிறகு அப்பாவிடம் கேட்டாராம். அண்ணன் நிற்கும்போது போனால் அவருக்குக் குறை, அவர் போன பிறகு பார்ப்போம் என்றாராம் அப்பா. பெரியப்பா போவதற்குள் மேசன் வேறொருவனைச் சேர்த்துக்கொண்டு பூவரசங்குளத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். மற்ற மேசன்மாரிடம் மாமா கேட்டுப் போனபோது, "பெரிய மேசன் கைவிட்ட ஆளோ?" என்று கேட்டுவிட்டுக் கதையை மாற்றினார்கள். மாமாவைச் சுவிஸுக்கு எடுக்கப் பெரியப்பா அங்கேயிருந்து எவ்வளவோ முயன்றார். அந்த நாட்டுப் பாஷை தெரியாமல் அங்கே பழகவும் முடியாது. கடைசியில் மாமா கட்டாருக்குப் போனார். கையில் சான்றிதழும் இல்லை, மேசனின் சொல்லும் இல்லை. உதவியாளாக எடுத்தார்கள். இன்னும் அதே சம்பளத்தில்தான் நிற்கிறார். "இஞ்ச சுவரைப் பாத்துச் சம்பளம் இல்லை, பிள்ளை, பாஸ்போட்டைப் பாத்துத்தான்," என்று சிரிப்பார்.

போன வெள்ளிக்கிழமை தொலைபேசியில் எங்கள் நிலையைப் பற்றிச் சொன்னேன்.

"மேசனோட பழகிற பெடியன் ஆரும் நிக்கிறானோ?" என்று கேட்டார்.

"ஓம் மாமா, ஒருத்தன் நிக்கிறான்."

"அவனுக்குச் சம்பளம் இருக்கோ எண்டு கேள். இல்லாட்டி நீங்கள் ஏதும் குடுங்கோ. ஆனா வேட்டி ரெண்டையும் மேசன்ர கையில குடு."

அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பின்வளவு நினைவாகவே இருக்கிறது. நிலை வைப்பதற்கு முந்திய கிழமை மாமா கட்டிய சுவரை, மேசன் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். "ம்" என்றார். என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த நாளும் கூப்பிடவில்லை. என்னில் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன். சுவர் வெயிலில் காய்ந்தபடி அப்படியே நின்றது.

நிலை வைத்த அன்று பின்னேரம், சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், நான் பின்வளவுக்குப் போனேன். மாமா அந்தச் சுவருக்கு முன்னால் நின்றார். புது வேட்டி இன்னும் தோளில் கிடந்தது. உள்ளங்கையால் சுவரை மேலிருந்து கீழே ஒருமுறை தடவினார்.

"தள்ளு பிள்ளை," என்றார்.

தள்ளினேன். காய்ந்த சுவர் அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளியும் அசையவில்லை. மாமா என் கைகளுக்குப் பக்கத்தில் தன் கைகளை வைத்தார். சுவர் ஒரே பாளமாகச் சாய்ந்து விழுந்து, புழுதி எழும்பியது. நேராக நின்ற சுவரை ஏன் இடிக்கச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. விளையாட்டு திரும்ப வந்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு, நாளைக்கும் கட்டச் சொல்லி அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.