சோப்புத்தூள் கரைத்த ஜாடி

மன்னார்புரம் பக்கத்துப் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியை மணிமேகலை, ஊர்க்குளத்துத் தண்ணீரை இரண்டு ஜாடிகளில் நிரப்பித் தலைப்பிரட்டைகளை விட்டாள். ஒன்றில் மட்டும் சோப்புத்தூளைக் கரைத்தாள். மறுநாள் காலையில் அந்த ஜாடியில் இருந்தவை எல்லாம் செத்து மிதந்தன. குளத்து மீன்கள் சாவதும் இப்படித்தான் என்றாள்.

"எங்கம்மா அந்தக் குளத்துலதான் துணி வெளுக்கிறாங்க மிஸ்," என்றாள் தேன்மொழி. வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. மாலையில் அவள் பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள், "மீனைக் கொன்னவ மக" என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை.

மணிமேகலை வீடு தேடிப் போனபோது, தேன்மொழியின் தாய் வேலம்மாள் குளத்துக்குப் போவதை விட்டு, வீட்டு வாசலிலேயே துவைத்துக்கொண்டிருந்தாள். மகள் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள்.

"தெரியாம பாவம் பண்ணிட்டேன் டீச்சர்," என்று வேலம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

"உங்களால மட்டும் இல்லைங்க. எங்க காலனிச் சாக்கடை மொத்தமும் அங்கதான் விழுது. என் வீட்டுத் தண்ணியும்தான்."

"என் மனசு ஆறணும்னு சொல்றீங்க."

ஜாடிகளை வைத்தபோதே இதைச் சொல்லியிருக்கலாமே என்று மணிமேகலை தன்னையே நொந்துகொண்டாள். மறுநாள் வகுப்பில் காலனிச் சாக்கடையைப் பற்றிச் சொன்னாள். பிள்ளைகள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்கள். ஆனால் தேன்மொழி திரும்பி வரவே இல்லை.